எரிந்த பிறகு யோசிக்கிற வழக்கம்

பஞ்சாலை ஒன்றில் நள்ளிரவு ஷிப்ட் நடந்துகொண்டிருக்கையில் ரிங் ஃப்ரேம் ஒன்றின் மோட்டார் புகைந்து நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் ஓடி வருகிறார்கள். மூடியைத் திறந்ததும் எழும் கருகல் நாற்றத்திலிருந்தே காயில் போய்விட்டது என்பது தெரிந்துவிடுகிறது. ஸ்பேர் மோட்டார் இருந்தால் அதை ஏற்றிவிட்டும், இல்லாவிட்டால் ஃப்ரேமை நிறுத்திவைத்துவிட்டும், பொழுது விடிவதற்குள் எரிந்ததை ஒரு டெம்போவில் போட்டு வைண்டிங் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று தினங்களில் அது புதுச் செப்புக் கம்பியும் புது வார்னிஷ் வாசனையுமாகத் திரும்பி வருகிறது, பழைய இடத்திலேயே மாட்டப்படுகிறது, பழையபடியே ஓடுகிறது, புதிய மோட்டாரின் விலையில் ஒரு சிறு பங்கோடு காரியம் முடிந்ததென்று நிர்வாகத்துக்கும் திருப்தி, உற்பத்தி அதிகம் பாதிக்கப்படவில்லை என்று மேஸ்திரிக்கும் திருப்தி. அந்த மோட்டார் இனி வரும் பத்து ஆண்டுகளில் எவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கப்போகிறது என்ற பிரச்னை மட்டும், அந்த மூன்று தினங்களில் யாருடைய மனத்திலும் எழாமலே போய்விடுகிறது. அவசரத்தில் எழவும் எழாது. ஆகையால்தான் தொழிற்சாலைகளில் மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது என்பது மோட்டார் எரிவதற்கு முன்பே முடிந்திருக்கவேண்டிய காரியம் என்று நான் சொல்கிறேன்.

கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது; ஏனென்றால், இந்த விஷயத்தில் கணக்கைவிட வலிமையான வாதம் வேறில்லை. 20 குதிரை சக்தி, அதாவது 15 கிலோவாட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று ஷிப்டும் ஓடுகிற ஆலையில் அது ஆண்டுக்கு 8,000 மணி நேரம் முழுப் பாரத்தில் சுழல்வதாகவும், மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆவதாகவும் வைத்துக்கொண்டால், ஐ.இ.1 என்று வகுக்கப்பட்ட பழைய தரத்தைச் சேர்ந்த மோட்டார், அதன் திறன் 88.7 சதவீதமாகையால், ஆண்டுக்குச் சுமார் 1,35,000 யூனிட்டை, பணமாகச் சொன்னால் பத்தே முக்கால் லட்ச ரூபாயை விழுங்குகிறது. அந்த அளவு மோட்டாரின் விலையோ பொதுவாக ஒரு லட்ச ரூபாய்க்கு உள்ளேயே அடங்கிவிடும். வாங்குகிற விலையைப்போலப் பத்து மடங்குக்கு மேலான தொகையை ஒவ்வோர் ஆண்டும் தின்றுகொண்டே இருக்கிற ஒரு பொருளை வாங்கும்போது, விலையை மட்டும் பார்த்து, நாலு கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கி, அதிலே குறைந்ததைப் பொறுக்கி எடுப்பதை நாம் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். யானையை மலிவாகப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்கிறவன், தீனிக் கணக்கைப் பாகனிடம் விட்டுவிட்ட கதைதான் இது.

அதே 15 கிலோவாட் மோட்டார் ஐ.இ.3 தரத்தைச் சேர்ந்ததாக இருந்தால் அதன் திறன் 92.1 சதவீதம். வித்தியாசம் மூன்றரைப் புள்ளிகூட இல்லை; பார்வைக்கு அற்பம். ஆனால், அந்த அற்ப வித்தியாசம் ஆண்டுக்கு 5,000 யூனிட்டாகவும், 40,000 ரூபாயாகவும் பெருகுகிறது. ஐ.இ.2-க்கும் ஐ.இ.3-க்கும் இடையிலே உள்ளது இன்னும் சொற்பமான வித்தியாசம், ஒன்றரைப் புள்ளி. அதுவும் ஆண்டுக்குச் சுமார் 2,150 யூனிட், 17,000 ரூபாய் ஆகிவிடுகிறது. புதிதாக மோட்டார் வாங்கியே தீரவேண்டிய சந்தர்ப்பத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் சில ஆயிரங்கள்தாம் என்பதால், அதிகமாகக் கொடுத்த பணம் ஏறக்குறைய ஓராண்டிலேயே திரும்பிவிடுகிறது. மீதி ஆண்டுகள் அனைத்தும் லாபம். இவ்வளவு நிச்சயமான வருமானம் தருகிற முதலீட்டை வேறெங்கே தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

இவ்வளவு தெளிவாகத் தெரிகிற லாபத்தை, அணா பைசாக் கணக்குப் பார்த்தே தொழிலை வளர்த்தவர்கள் என்று பெயரெடுத்த கொங்குநாட்டு ஆலை முதலாளிகள்கூட ஏன் கைவிட்டார்கள் என்று ஒருவர் கேட்கலாம். புத்திக் குறைவு அதற்குக் காரணமன்று. அதிகாரம் பிரிந்துகிடக்கும் விதமே காரணம். மோட்டாரை வாங்குகிறவர் பர்ச்சேஸ் அதிகாரி. அவருடைய திறமை, கொட்டேஷனில் எத்தனை ஆயிரம் குறைத்தார் என்பதைக்கொண்டு அளக்கப்படுகிறது. மின்கட்டணம் செலுத்துகிறது கணக்குப் பிரிவு. அவர்கள் கையில் வருவது ஆலை முழுவதற்குமான ஒரே பில். அதில் ரிங் ஃப்ரேமின் பங்கு எது, ஈரப்பதன் நிலையத்தின் பங்கு எது, எந்த மோட்டார் எவ்வளவு தின்றது என்பதெல்லாம் தனித்தனியே எழுதியிருப்பதில்லை. மோட்டாரை ஓட்டுகிறவரோ எலெக்ட்ரீஷியன். அவருக்கு வேண்டியது அது நிற்காமல் ஓடுவது. ஆக, ஒரே மோட்டாரின் வாழ்க்கைக்கு மூன்று பேர் பொறுப்பாளிகள். அதன் மொத்தச் செலவுக்கு ஒருவரும் பொறுப்பில்லை.

மோட்டார் என்பது நமக்குப் புதிய சரக்கும் அல்ல. அணில் கூண்டு ரோட்டார் என்று சொல்லப்படுகிற மூன்று பேஸ் மோட்டாரை டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி என்பவர் ஜெர்மனியில் உருவாக்கியது 1889-இல்; 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தபோது, கோயம்புத்தூரைச் சுற்றிலும் ஆலைகள் வரிசையாக எழுந்ததற்கு அந்த எளிய, உறுதியான யந்திரமே கருவியாக இருந்தது. இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவது 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில் செய்ததுதான். மோட்டாரையும் பம்பையும் தயாரிப்பதிலே ஒரு நூற்றாண்டை நெருங்குகிற அனுபவமுள்ள ஊர், தான் தயாரிக்கிற சரக்கிலே எது சிறந்ததோ அதைத் தன் ஆலைகளிலே மாட்டத் தயங்குகிறது என்பது கொஞ்சம் விசித்திரம்தான்.

"அந்தக் காலத்து மோட்டார் இரும்பு மாதிரி, இந்தக் காலத்தில் அப்படி யார் செய்கிறார்கள்?" என்று பழைய மோட்டார்களைத் தட்டிக்காட்டிப் பேசுகிற ஒரு பழக்கம் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு, அதிக வெப்பத்தைத் தாங்கும் புதிய காப்புப் பொருள்கள் வந்தவுடனே, மோட்டார் கொஞ்சம் சூடாக ஓடினால் என்ன என்று எண்ணிய தயாரிப்பாளர்கள் செம்பையும் எஃகையும் குறைத்து, சின்ன உருவத்தில் அதே குதிரை சக்தியை அடைக்கத் தொடங்கினார்கள். மின்சாரம் மலிவாகக் கிடைத்த நாளில் அது நியாயமாகவே தோன்றியது. அமெரிக்காவில் 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் நடுவு வரையிலே மோட்டார்களின் சராசரித் திறன் உயர்வதற்குப் பதிலாகச் சற்று இறங்கியே போயிற்று. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதற்குப் பிறகுதான், சூடாகிற மோட்டார் என்பது காசைக் காற்றில் விடுகிற மோட்டார் என்ற ஞானம் பிறந்தது. எனவே, பழையது என்பதும் கனமானது என்பதும் திறன் மிக்கது என்பதற்குப் பிரமாணமல்ல. அதைச் சோதனை செய்து பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

சோதனைக்கான அளவுகோல் இன்று தெளிவாகவே இருக்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2008-இல் ஐ.இ.1, ஐ.இ.2, ஐ.இ.3 என்று திறனை வகுத்தது, 2014-இல் ஐ.இ.4-ஐயும் சேர்த்தது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 12615 என்ற தரநிர்ணயம் இந்த வகுப்புகளையே ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஐ.இ.2-க்குக் குறைந்தவை சந்தைக்கு வரலாகாது என்று மத்திய அரசும் ஆணையிட்டது. அமெரிக்கா 1992-இல் சட்டமியற்றி 1997-இலிருந்து குறைந்தபட்சத் திறனைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய யூனியனோ 2021 ஜூலையிலிருந்து முக்கால் கிலோவாட் முதல் ஆயிரம் கிலோவாட் வரையில் ஐ.இ.3-ஐயும், 2023 ஜூலையிலிருந்து 75 முதல் 200 கிலோவாட் வரையிலான பெரும்பாலான மோட்டார்களுக்கு ஐ.இ.4-ஐயும் விதித்துவிட்டது. உலகத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் மோட்டார்களின் வழியாகவே செலவாகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2011-இல் கணித்ததை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த அரசாங்கங்கள் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததன் நியாயம் விளங்கும். ஆனால், சட்டம் எட்டுகிறது புதிதாக விற்கப்படும் மோட்டாரை மட்டுமே. இருபது முப்பது ஆண்டுகளாக ஆலைக்குள் சுழன்றுகொண்டிருக்கிற பழைய மோட்டாரை எந்த ஆணையும் தொடுவதில்லை. எரிந்து, காயில் கட்டி, மறுபடி எரிந்து, மறுபடி கட்டி, அது தன் போக்கில் ஜீவித்துக்கொண்டே போகிறது.

திறன் எங்கே போகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டேட்டரின் செப்புக் கம்பியிலும் ரோட்டாரின் பட்டைகளிலும் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் வெப்பம் ஒரு நஷ்டம். காந்த மண்டலம் விநாடிக்கு நூறு முறை திசை மாறுவதனால் எஃகுத் தகடுகளில் உண்டாகும் வெப்பம் இன்னொன்று. பேரிங்கின் உராய்வும் விசிறியின் காற்று இழுப்பும் மற்றொன்று. இவற்றில் அடங்காமல் சிதறிப்போகும் சில்லறை நஷ்டங்களும் உண்டு. சிறந்த மோட்டார் என்றால் அதில் மந்திரம் ஒன்றுமில்லை. அதிகச் செம்பு, நீளமான தகட்டடுக்கு, மெல்லிய, நல்ல சிலிக்கன் எஃகு, சிறிய விசிறி, சில சமயங்களில் அலுமினியத்துக்குப் பதிலாகச் செம்பினாலேயே வார்த்த ரோட்டார், இவைதாம். விலை ஏறுவதற்குக் காரணமும் இந்தச் சாமான்களே. ஆதலால், மற்றவர்களைவிட மிகவும் மலிவாக ஐ.இ.3 தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அவரிடம் சோதனைச் சான்றிதழைக் கேட்பதில் தவறில்லை. கோவையிலேயே அத்தகைய சோதனையை நடத்தும் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன.

வைண்டிங் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைக் குறை சொல்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது, அது அநியாயம். காயில் கட்டினாலே திறன் குறைந்துவிடும் என்பது உண்மையல்ல. பிரிட்டனையும் அமெரிக்காவையும் சேர்ந்த மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்கள் கூடி நடத்தி 2003-இல் வெளியிட்ட சோதனை, முறைப்படி செய்தால் திறன் அப்படியே நிற்கும் என்று நிரூபித்தது. முறை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எரிந்த காயிலைக் கழற்றுவதற்காக ஸ்டேட்டரைச் சிலர் விறகிலோ பர்னரிலோ வைத்துக் கொளுத்துகிறார்கள். பழைய வார்னிஷ் சாம்பலாகிக் கம்பி எளிதாக வெளியே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால், உஷ்ணம் 350, 370 டிகிரியைத் தாண்டிவிட்டால், எஃகுத் தகடுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் மெல்லிய காப்புப் பூச்சும் சேர்ந்தே கருகிவிடுகிறது. அப்புறம் தகட்டுக்குத் தகடு சுழல் மின்னோட்டம் பாய்ந்து, மோட்டார் சும்மா ஓடும்போதே சூடாகத் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, பள்ளத்தில் எளிதில் நுழையும் என்று ஒரு நம்பர் மெல்லிய கம்பியைப் போட்டுவிட்டால், செப்பு நஷ்டமும் கூடிவிடுகிறது. இப்படி ஒரு புள்ளி மட்டும் குறைந்ததாக வைத்துக்கொண்டாலும், நாம் மேலே பார்த்த 15 கிலோவாட் மோட்டார் ஐ.இ.3-ஐவிட ஆண்டுக்கு 6,500 யூனிட் அதிகமாக, சுமார் 52,000 ரூபாய்க்குத் தின்னும். உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் அடுப்பு ஒன்றை வைத்திருக்கிற, கட்டுவதற்கு முன்னும் பின்னும் சும்மா ஓடும்போது எடுக்கும் ஆம்பியரை எழுதிக்கொடுக்கிற கடைக்காரர் கொஞ்சம் அதிகக் கூலி கேட்டால், கொடுத்துவிடுவதே சிக்கனம். அத்தகைய கடைகள் குறைவு என்றால், அதற்குக் காரணம் அந்த ஆம்பியர்ச் சீட்டைக் கேட்கிற வாடிக்கைக்காரர்கள் குறைவு என்பதுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆலையிலுள்ள மோட்டார்கள் அனைத்தையும் நாளைக்கே கழற்றி எறிந்துவிடவேண்டும் என்று யாராவது புறப்பட்டால், அதைவிடப் பெரிய விரயம் வேறில்லை. ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் மட்டும் ஓடுகிற மோட்டாரில் மேலே சொன்ன 5,000 யூனிட் மிச்சம் 625-ஆகச் சுருங்கிவிடும், ரூபாயில் ஐயாயிரம். அதை எரிந்தபோது நன்றாகக் காயில் கட்டி ஓட்டுவதே முறை. எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எவ்வளவு பாரத்தில் ஓடுகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் தரத்தைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. பாரத்தைப் பற்றியும் நம்மிடம் ஒரு பழைய கெட்ட வழக்கம் உண்டு: "எதற்கும் இருக்கட்டும்" என்று 10 குதிரை சக்தி போதுகிற இடத்தில் 20 போடுவது. முக்கால் பாரத்திலும் அரைப் பாரத்திலும் மோட்டாரின் திறன் பெரும்பாலும் நிலையாகவே நிற்கும். ஆனால் அதற்குக் கீழே இறங்கியவுடன் சரசரவென்று சரியும். பவர் ஃபாக்டர் அதற்கு முன்பே சரிந்துவிடும். முப்பது சதவீதப் பாரத்தில் ஓடும் ஐ.இ.3 மோட்டாரைவிட, முக்கால் பாரத்தில் ஓடும் சிறிய ஐ.இ.2 மோட்டார் பல சமயங்களில் சிக்கனமானதாக இருக்கும். நேம் பிளேட்டைப் படிப்பதோடு நின்றுவிடாமல், கிளாம்ப் மீட்டரைக் கையில் எடுக்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. மோட்டார் விற்பனையாளர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை. சிறந்த மோட்டாரில் ஸ்லிப் குறைவு. அதாவது, பழையது நிமிஷத்துக்கு 1,440 சுற்று சுற்றிய இடத்தில் புதியது 1,465 சுற்று சுற்றும். நூறு சுற்றுக்கு இரண்டு சுற்றுகூட அதிகமில்லை என்று தோன்றும். ஆனால், விசிறிக்கும் சென்ட்ரிஃப்யூகல் பம்புக்கும் ஒரு விதி உண்டு: தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். வேகம் 1.7 சதவீதம் கூடினால் சக்தி 5 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். ஈரப்பதன் நிலையத்தின் விசிறியில் பழைய ஐ.இ.1 மோட்டாரைக் கழற்றி, புல்லியை அப்படியே விட்டுவிட்டு ஐ.இ.3-ஐ மாட்டினால், முன்பு 16.9 கிலோவாட் இழுத்த இடத்தில் இப்போது 17.1 கிலோவாட் இழுக்கும். வேண்டாத காற்றும் அதிகமாக அடிக்கும். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துவிட்டு, "இந்த ஐ.இ.3 எல்லாம் விளம்பரம்" என்று நிர்வாகம் முடிவுகட்டிவிடும். மோட்டார் புல்லியின் விட்டத்தை அந்த இரண்டு சதவீதம் குறைத்துப் போட்டிருந்தால், அல்லது பம்பின் இம்பெல்லரைக் கொஞ்சம் கடைந்திருந்தால், எதிர்பார்த்த மிச்சம் முழுவதும் கைக்கு வந்திருக்கும். ரிங் ஃப்ரேமில்கூட ஸ்பிண்டில் வேகம் மாறாமல் பார்த்துக்கொள்ளவேண்டுமானால் இதே கவனம் அவசியம்.

ஆரம்ப ஆம்பியர் சிறந்த மோட்டார்களில் சற்று அதிகம் என்பதால், பழைய ரிலேயும் பிரேக்கரும் காரணமில்லாமல் டிரிப் ஆவதும் உண்டு. அதற்கான சரிக்கட்டலைச் சேர்த்தே செய்துவிடவேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு பிரசாரம். தேவை ஏறி இறங்குகிற விசிறிக்கும் பம்புக்கும் டிரைவ் அருமருந்து. மேலே சொன்ன அதே மும்மடி விதி அங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்யும். ஆனால், காலையிலிருந்து இரவு வரையில் ஒரே வேகத்தில் ஓடுகிற யந்திரத்துக்கு டிரைவ் போட்டால், டிரைவ் தானே தின்னும் இரண்டு மூன்று சதவீதம்தான் கண்ட பலன். மூன்று பேஸிலும் வோல்டேஜ் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கோ காசே செலவில்லை; மூன்றரை சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தால்கூட, அதிகம் பாதிக்கப்பட்ட காயிலின் வெப்ப உயர்வு கால் பங்கு கூடிவிடும்; பத்து டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது மின்துறையில் பிரசித்தமான கணக்கு. பஞ்சாலையில் இதோடு பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்கிறது. மோட்டாரின் முதுகிலுள்ள வரிகளை மெத்தைபோல மூடிக்கொண்டு காற்றுப் படாமல் செய்துவிடுகிறது. மோட்டார் எரிந்ததற்குக் காரணம் கேட்டால், பத்தில் பல தடவை இவைதாம் காரணமாக இருக்கும். காரணத்தைக் களையாமல் ஐ.இ.4 மாட்டினாலும் அதுவும் எரியும்.

இந்த இடத்தில் மனத்தில் படுகிற ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஆலைகள் மின்சாரத்தை அலட்சியம் செய்தவை அல்ல. பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் வீசுகிற காற்றை நம்பிக் கோடிக்கணக்கில் காற்றாலைகளை நிறுவியவர்களில் நூற்பாலைக்காரர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அதற்கு வருமானவரிச் சலுகையும் துணைசெய்தது. அது நாட்டுக்கு நல்லதே. ஆனால், ஒரு யூனிட்டை உற்பத்தி செய்வதற்காக அத்தனை முதலைப் போடத் துணிந்த அதே நிர்வாகம், ஒரு யூனிட்டை வீணாக்காமல் இருப்பதற்காக மோட்டார் ஒன்றுக்குச் சில ஆயிரங்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குகிறது. காற்றாலை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணில் படும். ரிங் ஃப்ரேமின் அடியில் இருக்கிற மோட்டார் படாது. வரிச் சலுகையும் அப்படியே கண்ணில் பட்டதற்குத்தான் வந்தது.

என் அபிப்பிராயத்தில் செய்யவேண்டிய முதல் காரியத்துக்கு மானியமோ சட்டமோ தேவையில்லை. ஒவ்வோர் ஆலையும் தன்னிடமுள்ள மோட்டார்களுக்கு ஒரு பதிவேடு வைக்கட்டும்: குதிரை சக்தி, தரம், எந்த ஆண்டு வாங்கியது, இதுவரை எத்தனை முறை காயில் கட்டியது, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, சாதாரணமாக எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பவற்றோடு, கடைசிப் பத்தியில் "எரிந்தால் என்ன செய்வது" என்று ஒரே சொல்லில், கட்டு அல்லது மாற்று என்று எழுதிவைக்கட்டும். நிதானமாக உட்கார்ந்து, கணக்குப் போட்டு, முதலாளியின் கையெழுத்தோடு எழுதிய அந்தச் சொல்தான் நள்ளிரவில் எலெக்ட்ரீஷியனுக்குத் துணையாக நிற்கும். மாற்று என்று குறித்த மோட்டார்களில் அதிகம் உள்ள அளவுகளில் ஒவ்வொன்றை முன்கூட்டியே வாங்கி ஸ்டோரில் வைத்துவிட்டால், அவசரம் என்ற சாக்கும் ஒழிந்துவிடும். கோயம்புத்தூரில் 1956 முதல் இயங்கிவரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவின் எரிசக்தித் தணிக்கையை நாடுகிற ஆலைகளுக்கு இது ஒன்றும் பெரிய வேலை அல்ல.

சின்னப் பட்டறைகளின் நிலைமை வேறு. ஐந்தாறு மோட்டார்களோடு லேத்தும் கம்ப்ரஸரும் ஓட்டுகிறவரிடம் போய், பத்தாண்டுக் கணக்கைப் பார் என்று உபதேசிப்பது சுலபம். எரிந்த தினத்தில் அவர் கையில் காயில் கூலிக்கு மட்டுமே பணம் இருக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் ஐ.இ.3 மோட்டார்களை மொத்தமாகக் கொள்முதல் செய்து மலிவாகத் தருகிற திட்டம் ஒன்றை நடத்தியது, யோசனை நல்லது, ஆனால், விண்ணப்பம், அனுமதி, டெலிவரி என்று வாரங்கள் எடுக்கிற எந்தத் திட்டமும் எரிந்த மோட்டாருக்கு உதவாது. மின்வாரியம் நுகர்வோரின் மாதக் கட்டணத்தோடு சேர்த்துத் தவணையாகப் பிடித்துக்கொள்கிற மாதிரி, அந்தந்த ஊர்த் தொழிற்பேட்டையிலேயே சரக்கைக் கையிருப்பில் வைத்து, அன்றே எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஏற்பாடு செய்தால், மானியம் இல்லாமலே அது பலிக்கும். மிச்சமாகிற மின்கட்டணமே தவணையை அடைத்துவிடும்.

கடைசியாக, கழற்றிய மோட்டார் எங்கே போகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. பெரிய ஆலை ஒன்று நூறு பழைய மோட்டார்களை மாற்றிவிட்டு, இத்தனை லட்சம் யூனிட் மிச்சப்படுத்தினோம் என்று ஆண்டறிக்கையில் அச்சிடுகிறது; அந்த நூறும் ஏலத்தில் போய், பழைய சாமான் கடை வழியாக, காயில் கட்டப்பட்டு, பாதி விலைக்கு ஏதோ ஒரு மாவு மில்லிலோ, சாயப்பட்டறையிலோ, விசைத்தறிக் கூடத்திலோ மறுபடி சுழல ஆரம்பித்துவிடுகின்றன. ஆலைக்கு மிச்சம், நாட்டுக்கு ஒன்றும் மிச்சமில்லை, பழைய மோட்டாரின் தீனிச் செலவு வசதியுள்ளவரிடமிருந்து வசதியில்லாதவரின் தலைக்கு மாறியதுதான் கண்டது. ஆகவே, அரசாங்கம் மோட்டார் மாற்றத்துக்கென்று சலுகை எதுவும் தருவதாக இருந்தால், பழைய மோட்டாரின் ஸ்டேட்டர் வெட்டப்பட்டு, செம்பும் எஃகும் தனித்தனியே உருக்குவதற்குப் போனது என்பதற்கான ரசீதைக் காட்டிய பிறகே தரவேண்டும் என்று நிபந்தனை போடவேண்டும். செம்பு விற்கிற இன்றைய விலையில் ஆலைகளுக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.